பற்று நோட்டும் கடன் அட்டையும்

கடன் வாங்குவது தவறா? நாற்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியை எவரேனும் நம்மிடம் கேட்டிருந்தால், 'வாங்குவது தவறன்று. வாங்கியதைத் திருப்பித் தராதிருப்பதே தவறு' என்று தயக்கமின்றி விடையிறுத்திருப்போம். அவ்விடை இன்றும் பிழையன்று. ஆயினும் அது போதாது என்னும் எண்ணம் அண்மைக் காலமாக நம் நெஞ்சை அரித்துக் கொண்டிருக்கிறது. வாங்கியதை நாள் தவறாமல், ஒரு காசும் குறையாமல் திருப்பித் தருபவனும் வேறு எவருக்கோ கடன்பட்டிருக்கக் கூடுமோ? கடன் அட்டை என்னும் அந்தச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டே நம்மை இவ்வாறு கேட்க வைத்தது.

நாம் சேலையூரில் குடியேறியபோது அது நகரமாகியிருக்கவில்லை. தாம்பரம் இரயிலடியில் இறங்கி, கிறித்துவக் கல்லூரியின் மரமடர்ந்த வளாகத்தைக் கடந்து, சைக்கிளிலோ கால்நடையாகவோ வந்து சேருவோம். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாகும், அதற்குள் நம் தெருவும் அடங்கும் என்று அப்போது யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அந்நாளில் நம் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருந்தது. கடைக்கார அண்ணாச்சியிடம் நீளவாக்கில் மடித்த ஒரு பற்று நோட்டு. அதில் நமக்கென ஒரு பக்கம். பருப்பு, எண்ணெய், சோப்பு, நோன்புக் கஞ்சிக்கு நொய் என எல்லாம் அதில் ஏறும். சம்பளம் வந்ததும் சென்று தீர்ப்போம். அண்ணாச்சி பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். வட்டி என்ற பேச்சே இல்லை.

சம்பளம் தாமதித்த மாதங்களும் உண்டு. அம்மாதங்களில் நாம் அந்தத் தெருமுனை வழியே போவதில்லை. சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவோம். அண்ணாச்சி ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. "என்ன பாய், ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்வி தூக்கத்தைக் கெடுத்துவிடும். கடனுக்கு ஒரு முகம் இருந்தது. அம்முகம் நம்மைப் பார்த்தது. அதுமட்டுமன்று, நாம் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அம்முகம் உண்மையாகவே விரும்பியது. நாம் தந்தால்தான் அவர் கொத்தவால் சாவடியில் தம் பாக்கியைத் தீர்க்க முடியும். கொடுத்தவர் நலமும் வாங்கியவர் நலமும் ஒரே திசையில் இருந்தன. இந்த ஒன்றை வாசக அன்பர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இனி, சென்ற ஆண்டில் ஒருநாள் நிகழ்ந்ததைச் சொல்வோம். அஸர் தொழுது வீடு திரும்பியபோது நம் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞன் வாசலில் நின்று கொண்டிருந்தான். சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை, நல்ல சம்பளம், தந்தை நம் நெடுநாள் நண்பர். கையில் மூன்று தாள்கள் வைத்திருந்தான்.

"மாமா, நீங்க கணக்குப் பிரிவிலே இருந்தவங்க. இதைக் கொஞ்சம் பாருங்க. மாசம் தவறாம கட்டிக்கிட்டுதான் இருக்கேன். கடன் மட்டும் அப்படியே நிக்குது. அத்தாவுக்குத் தெரியாது."

மூன்று கடன் அட்டைகள்; மொத்தம் ரூ.1,40,000. எப்படி ஏறியது என்று கேட்டோம். தங்கையின் திருமணத்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி. தந்தையின் கண் சிகிச்சை. இடையே ஒரு விலையுயர்ந்த கைப்பேசி. நண்பர்களோடு ஏற்காட்டுக்கு ஒரு பயணம். தேவையும் வீம்பும் கலந்துதான் இருந்தன. நம் எவருடைய கடனும் அப்படித்தான் இருக்கும்.

அவன் செய்த பிழை ஒன்றே. தாளின் மேற்பகுதியில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருந்தன: மொத்தப் பாக்கி, குறைந்தபட்சத் தொகை. இரண்டாவதையே அவன் கட்ட வேண்டிய தவணை என்று எண்ணி வந்திருக்கிறான். பள்ளிக் கணக்குப் போல் ஒரு தாளில் போட்டுக் காட்டினோம். ஓர் அட்டையில் ரூ.50,000 பாக்கி என்று கொள்வோம். குறைந்தபட்சத் தொகை நூற்றுக்கு ஐந்து, அதாவது ரூ.2,500. அதைக் கட்டினால் மீதி ரூ.47,500. வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு; இந்நாட்டில் பல அட்டைகளின் வட்டி இதையொட்டியே இருக்கிறது. அது ரூ.1,662. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி ரூ.299. இரண்டையும் கூட்டினால் பாக்கி மறுபடியும் ஏறத்தாழ ரூ.49,461 ஆகிவிடுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கைவிட்டுப் போயிற்று. கடனில் குறைந்தது சுமார் ஐந்நூற்று நாற்பது ரூபாய்!

போதாக்குறைக்கு, பாக்கி நிற்கும் வரை அந்த அட்டையில் புதிதாக வாங்கும் எப்பொருளுக்கும் 'வட்டியில்லா நாட்கள்' என்னும் சலுகை கிடையாது. அன்று மாலை வாங்கும் ஒரு கிலோ ஆப்பிளுக்கும் அன்றே வட்டி தொடங்கிவிடும். பையன் நெடுநேரம் அத்தாளையே பார்த்துக் கொண்டிருந்தான். "இதை யாரும் சொல்லவே இல்லையே மாமா" என்றான். சொல்லியிருந்தார்கள், ஒப்பந்தத்தின் பல பக்கங்களில் எங்கோ ஓரிடத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில்.

இந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று சற்றே பார்ப்போம். 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கப் பெற்றது. உணவு விடுதியில் பணப்பையை மறந்துவிட்டு விழித்த ஒருவரின் மூளையில் உதித்த யோசனை என்றொரு கதை வழங்கி வருகிறது. அவ்வட்டைக்கு மாதந்தோறும் முழுத்தொகையையும் கட்டியாக வேண்டும். பாக்கி வைத்துக்கொண்டே போகலாம் என்னும் வழியைப் பெருவாரியான மக்களுக்குத் திறந்துவிட்டது 1958இல் கலிபோர்னியா மாநிலத்து பிரெஸ்னோ நகரில் நடந்த நிகழ்ச்சி. பேங்க் ஆப் அமெரிக்கா அந்நகரில் ஏறத்தாழ 60,000 அட்டைகளைக் கேளாமலேயே அஞ்சலில் அனுப்பி வைத்தது. கேளாதவர்க்கும் கடன்! இவ்வாறு அனுப்புவதை அமெரிக்கா 1970இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டுக்கு டைனர்ஸ் கிளப் 1961இல் வந்தது. இந்திய வங்கி ஒன்று வெளியிட்ட முதல் கடன் அட்டை 1980இல் சென்ட்ரல் பேங்க் ஆப் இந்தியாவினுடையது. வசதி படைத்தோரின் சட்டைப்பையில் இருந்த அது நம் தெருப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர ஒரு தலைமுறை பிடித்தது.

இப்போது அண்ணாச்சியின் நோட்டுக்குத் திரும்புவோம். நாம் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் விருப்பம் என்றோம். அட்டை தரும் நிறுவனத்தின் விருப்பம் யாது? முழுவதும் தராமல் போய்விடுவோன் அதற்கு நட்டம். முழுவதையும் உரிய நாளில் தந்துவிடுவோனிடம், கடைக்காரர் கொடுக்கும் கழிவும் ஆண்டுக் கட்டணமும் தவிர அதற்குக் கிடைப்பது அதிகமில்லை. கொஞ்சம் தந்து, கொஞ்சம் நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறானே, அவனே அதன் கண்ணான வாடிக்கையாளன். அமெரிக்க அட்டைத் தொழிலில், உரிய நாளில் முழுத்தொகையையும் கட்டிவிடுபவனுக்கே 'கடனைக் கொடாதவன்' என்று பொருள்படும் ஒரு கேலிப் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஒழுங்காகக் கொடுப்பவன் ஏமாற்றுக்காரன் ஆகிவிட்ட உலகம் அது. கடன் கொடுத்தவனின் நலம் ஒரு திசையிலும் வாங்கியவனின் நலம் எதிர்த் திசையிலும் இழுக்கும் இத்தகைய கடனை நம் முன்னோர் வட்டிக்கடைக்காரனிடம் மட்டுமே கண்டிருந்தனர்.

கடனைப் பற்றி நம் மார்க்கம் கொண்டிருக்கும் கவலை சாதாரணமானதன்று. திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). தவணை என்ன, எழுதுபவர் யார், சாட்சிகள் யார் என்றெல்லாம் அது விரிக்கிறது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்பே, இடர்ப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு கொடுத்தவர்க்கும் கட்டளை இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களே கடன் வாங்கியிருக்கிறார்கள். தம் போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் ஈடுவைத்து வாற்கோதுமை பெற்றார்கள் என்பதை யாவரும் அறிவர். எனவே கடன் இழிவன்று. ஆயினும் கடனை விட்டும் இறைவனிடம் அவர்கள் அடிக்கடி பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அஞ்சுகிறீர்கள் என்று ஒருவர் வினவியபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மீறவும் நேர்கிறது என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார்கள். 'அத்தாவுக்குத் தெரியாது' என்று அப்பையன் சொன்னபோது நமக்கு நினைவு வந்தது அதுவே. பணம் போனது பெரிதன்று. வீட்டுக்குள் ஒரு பொய் வந்து குடியேறிவிட்டது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்கப் பெருமானார் முன்வரவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குத் தாம் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். இவ்வளவோடு நிறுத்திக் கொண்டு கடனாளிகளை அச்சுறுத்துவோர் நம்மில் பலர். ஆனால் வெற்றிகள் கிட்டிப் பொருள் வந்த காலத்தில், கடனை விட்டு இறப்பவரின் கடன் தம் பொறுப்பு என்று அதே பெருமானார் அறிவித்தார்கள். இதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வசதி வந்ததும் கடனாளியின் சுமை சமுதாயத்தின் தோளுக்கு மாறியது அன்றோ!

கடன் அட்டையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, தாமதித்தால் வட்டி என்னும் நிபந்தனையோடு கூடிய கடன் அட்டையைப் பெறுவதே கூடாது, தவணைக்குள் கட்டிவிடும் உறுதி இருப்பினும் கூடாது என்று தீர்மானித்தது. வட்டி கொடுக்காவிடினும் 'கொடுப்பேன்' என்று ஒப்பமிடுவது ஏற்கத்தக்கதன்று என்பது அதன் உட்கருத்து. வேறு சில அறிஞர்களோ, தேவையிருந்து, வட்டி தொடங்குமுன் முழுவதையும் கட்டிவிடுவது உறுதியாயின் பயன்படுத்தலாம் என்கின்றனர். தீர்ப்பு வழங்கும் தகுதி நமக்கில்லை. இரண்டாம் கருத்தைப் பற்றிக்கொண்டு நாமும் ஆறேழு ஆண்டுகள் ஓர் அட்டை வைத்திருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு மாதமும் தவறியதில்லை. ஒரு ரூபாயும் வட்டி கொடுத்ததில்லை. அதில் நமக்குச் சற்றே செருக்கும் இருந்தது. வாங்கிய பொருளுக்கெல்லாம் வெகுமதிப் புள்ளிகள் சேர்ந்தன. அப்புள்ளிகளைக் கொடுத்து ஒரு மிக்ஸி பெற்றோம். 'பாருங்கள், வங்கியிடமே மிக்ஸி வாங்கியவர்' என்று வீட்டில் பெருமை பேசினார்கள். அப்பையனின் கணக்கைப் போட்டு முடித்த இரவு, சமையலறையில் அந்த மிக்ஸியைப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது: இதன் விலையைக் கொடுத்தவர் யார்?

வங்கி கொடுத்தது என்பது விடையாகாது. வங்கிக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கடைக்காரரிடமிருந்து. நாம் அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் விற்பனைத் தொகையில் ஒரு பங்கு அவருக்குக் குறைகிறது. அவர் அதை விலையில் ஏற்றினால், ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் சேர்ந்தே அதைச் சுமக்கிறார். மற்றொரு பகுதி பாக்கி வைத்தவர்களின் வட்டியிலிருந்து. நம் ஐம்பது நாள் வட்டியில்லாக் கடனும் நம் புள்ளிகளும் அந்தப் பொதுக் குளத்திலிருந்து மொண்டவையே. எந்த மிடறு எவருடையது என்று பிரித்தறிய இயலாது. நம் மிக்ஸியில் பையனின் வட்டியிலிருந்து பத்து ரூபாய் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் நாம் 'கெட்டிக்காரர்' ஆனதற்கு யாரோ ஒருவர் ஏமாளியாக இருக்க வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. கெட்டிக்காரர்கள் மட்டுமே வாழும் ஊரில் இவ்வியாபாரம் இதே வடிவில் நடவாது.

'அப்படிப் பார்த்தால் எந்தப் பணம் தூயது? சேமிப்புக் கணக்கு, ஓய்வூதியம், அரசின் வரவுசெலவு என எல்லாவற்றிலும் எவருடைய கண்ணீரோ கலந்துதான் இருக்கிறது' என்று நண்பர் ஒருவர் வாதித்தார். அவ்வாதத்தில் வலுவுண்டு. அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு இந்நாளில் வாழ்வது எல்லார்க்கும் எளிதுமன்று. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவரைத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது, முன்பணம் என்று அவர்கள் கேட்டது எழுபதாயிரம். உறவினர் வீட்டுக் கதவுகளைத் தட்டிக் கைமாற்றுப் பெறும் நேரமா அது? உடன் வந்தவரின் அட்டைதான் அன்று உதவிற்று. ஓர் உயிரைக் காத்த பொருளை 'வெறும் வட்டிக் கருவி' என்று ஏசுவதற்கு நமக்கு நா எழவில்லை.

ஆகவே, அட்டை வைத்துக் கொள்ளத்தான் வேண்டும் என்று கருதும் நம் பிள்ளைகளுக்கு, கணக்குப் பிரிவில் காலங்கழித்தவன் என்ற உரிமையில் சிலவற்றைக் கூறுவோம். ஓர் அட்டை போதும். மூன்று அட்டைகள் வைத்திருப்பவன் ஒன்றின் பாக்கியை மற்றொன்றால் மறைக்கக் கற்றுக் கொள்கிறான். தேர்ந்தெடுக்கும்போது எத்தனை புள்ளிகள், எந்த விமான நிலையத்தில் இலவசத் தேநீர் என்று பார்ப்பதை விடுத்து, ஆண்டுக் கட்டணம், வட்டி விகிதம், தாமதக் கட்டணம் ஆகிய மூன்றையும் முதலில் கேட்டறிக. நிறுவனம் தரும் கடன் வரம்பு உன் தகுதிக்கான பாராட்டு அன்று. வேண்டாம், குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். நம்மைக் கேட்டால், ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வரம்பு இருத்தலாகாது. உரிய நாளில் 'மொத்தப் பாக்கி'யும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழியுமாறு ஏற்பாடு செய்துவிடுவது நலம். அவ்வாறு செய்யும்போது 'குறைந்தபட்சத் தொகை' என்னும் கட்டத்தில் விரல் பட்டுவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்பதை அறவே தவிர்க்க: அதற்கு ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி.

'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்குவோர் பலர். வட்டியே இல்லாத கடன் என்பது நடைமுறையில் கிடையாது, வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கும் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஒன்று கடைக்காரர் ரொக்கத்துக்குத் தரும் தள்ளுபடி போய்விடும். அல்லது கையாளும் கட்டணம் என ஒன்று முளைக்கும்.

வாடிக்கையாளர்க்கு உரிமைகளும் இல்லாமலில்லை. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் பிறப்பித்த நெறிமுறைகள், கேளாமல் அட்டை வழங்குவதைத் தடுத்தன. அவ்வாறு வழங்கிப் பணம் கேட்டால், கேட்ட தொகையை நீக்குவதோடு அதைப்போல் இருமடங்கு தண்டமும் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்றன. பாக்கியில்லாத அட்டையை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.500 வாடிக்கையாளர்க்குத் தரவேண்டும். பிரெஸ்னோவில் 1958இல் தொடங்கிய தொல்லைக்கு இங்கே இத்தனை காலம் கழித்து ஒரு வேலி.

ஆனால் வட்டிக்கு வேலி இல்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைக் குற்றமாக்கி 2003இல் சட்டம் வந்தது. வங்கிகளின் நிலை வேறு. வங்கி வாங்கும் வட்டி மிகையானது என்று கூறிக் கணக்கை நீதிமன்றத்தில் மறுபடி திறக்க இயலாது என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-ஏ பிரிவு. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகள் வழக்கு நடந்து, 2024 டிசம்பர் 20ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. வட்டியை வரையறுப்பது ரிசர்வ் வங்கியின் பணி, ஆணையத்தின் பணியன்று என்பது அதன் நிலை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனினும் மாதம் மூன்றரை என்பது ஆண்டுக்கு நாற்பத்திரண்டு. சந்தையில் கந்துவட்டிக்காரன் வாங்கினால் குற்றமாவதைக் குளிரூட்டிய அறையில் வாங்கினால் தொழில் என்கிறோம். மொழியின் விந்தை இது!

நம் அட்டையை நாம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதற்காக எவரும் நம்மைப் பாராட்ட வேண்டியதில்லை. மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. மருத்துவத்துக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைக்க முடிகிறது. ஆகவே நமக்கு அது எளிதாயிற்று. வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு வாழ்பவர் அதையே செய்ய வேண்டும் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. மிக்ஸியின் விலையைக் கணக்கிட்டு, நன்மை எதையும் எதிர்பாராமல் ஓர் ஏழைக்குக் கொடுத்தோம். மிக்ஸியையும் கொடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டோம். "விலையைத்தான் கொடுத்துட்டீங்களே. சட்டினிய நீங்க அம்மியில அரைச்சுத் தருவீங்களா?" என்றார். மிக்ஸி இருக்கிறது.

பையனின் கதைக்கு வருவோம். முதலில் அவனைத் தந்தையிடம் அழைத்துச் சென்றோம். நண்பர் சினங்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில் பையனின் தாயார் இரண்டு வளையல்களைக் கொண்டுவந்து வைத்தார். அடகு வைப்பதாயின் அதற்கும் வட்டி. எனவே விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. அதில் அறுபதாயிரம் கிடைத்தது. அவனிடம் இருந்தது இருபதாயிரம். எஞ்சிய அறுபதாயிரத்தைப் பள்ளிவாசலில் அன்றாடம் சந்திக்கும் ஐவர் ஆளுக்குப் பன்னிரண்டாயிரமாகப் போட்டோம். பெரும் பணக்காரர் எவரும் அதில் இல்லை. நூற்றுக்கணக்கானோர் தொழும் பள்ளியில் இதற்கென ஒரு நிதி ஏன் இல்லை என்று அன்று ஒருவரையொருவர் கேட்டுக் கொண்டோம், கேட்டதோடு சரி. மண்டபம் கட்ட வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, வட்டியில்லாக் கைமாற்றுக்கு ஒரு பெட்டி வைக்க இன்னும் தெரியவில்லை.

மூன்று அட்டைகளின் பாக்கியும் தீர்க்கப்பட்டன, அட்டைகளும் மூடப்பட்டன. ஐவரின் கடனை மட்டும் மாதம் ரூ.5,000 வீதம் பன்னிரண்டு மாதங்களில் திருப்புவது என்று ஏற்பாடு. எழுதியே ஆக வேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்தோம். "நமக்குள்ள எதுக்கு மாமா எழுத்தெல்லாம்?" என்றான். நமக்குள் என்பதால்தான் எழுத்து வேண்டும் என்று, ஒரு நோட்டு வாங்கி, தொகை, நாள், தவணை, இரு சாட்சிகள் என எல்லாம் எழுதினோம். அலுவலகத்தில் எத்தனையோ ஒப்பந்தங்களை விரலால் தொட்டே ஒப்புக் கொண்டவன். அந்த அரைப்பக்க எழுத்தின்கீழ்க் கையொப்பமிடுகையில் அவனுக்குக் கை நடுங்கிற்று.

மூன்று மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் வந்தான். நான்காம் மாதம் வரவில்லை. ஏழாம் தேதி மாலை கேம்ப் ரோடு சந்திப்பில் பேருந்துக்காக நின்று கொண்டிருந்தோம். எதிர்ச்சாரியில் வந்தவன் நம்மைக் கண்டதும் சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டான். கூப்பிட வாயெடுத்தோம்; அண்ணாச்சியின் நினைவு வந்தது; கூப்பிடவில்லை. மேலும் இரண்டு நாள் கழித்து, இஷா தொழுகைக்குப் பின் வீட்டுக்கு வந்தான். தங்கைக்குப் பிரசவச் செலவாம்.

"இந்த மாசம் மூவாயிரம்தான் மாமா."

நோட்டை எடுத்து மூவாயிரம் என்று எழுதித் தேதியிட்டு, அவனிடமே கையொப்பம் வாங்கிக் கொண்டோம். தேநீர் வந்தது, குழந்தை ஆணா பெண்ணா என்று விசாரித்தோம்.